பழைய டார்ச் விளக்கிற்குப் புதிய பல்பு
(உழவர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



எவ்வளவு உரம் இட வேண்டும், எப்போது நீர் பாய்ச்ச வேண்டும் என்றே உங்களிடம் பேசிப் பழகியவன் நான். இன்று, அந்த நீரைப் பாய்ச்ச இரவில் செல்லும் உங்கள் கையிலுள்ள டார்ச் விளக்கைப் பற்றிச் சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இரவு முறை மின்சாரம் வந்ததும் மோட்டார் போட என் தந்தையாருடன் வயலுக்குச் சென்றேன். கையில் இருந்தது இரண்டு கட்டை போடும் பழைய விளக்கு. அதன் மங்கிய மஞ்சள் ஒளியில், வரப்பில் கிடந்ததைக் கறுப்புக் குழாய்த் துண்டு என்று எண்ணிக் காலை வைக்கப் போனேன். தந்தையார் சட்டையைப் பிடித்து இழுத்தார். அங்கே கிடந்தது கட்டுவிரியன்! மறுநாளே அந்த விளக்கின் பல்பை மாற்றினேன். வேலை பத்து நிமிடந்தான்.

ஏன் மாற்ற வேண்டும்?

பழைய பல்பில் மெல்லிய கம்பி இழை சூடேறி ஒளி தருகிறது. மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. கட்டை சற்று இளைத்தாலும் ஒளி மஞ்சளாகிவிடும். விளக்கு கீழே விழுந்தால் இழை அறுந்துவிடும். எல்.இ.டி. பல்பில் இழை கிடையாது. அதே அளவு மின்சாரத்தில் பல மடங்கு ஒளி தரும். வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி.க்கு வழிவகுத்த நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பல்பு வாங்கும்போது

பழைய பல்பைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பல்பின் அடிப்பகுதி திருகும் மரை உள்ளதாக இருக்கலாம். அல்லது வழவழப்பாக, கழுத்தில் வளையம் உள்ளதாக இருக்கலாம். அதே வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து வோல்ட் அளவு. சாதாரணக் கட்டை ஒன்றுக்கு 1.5 வோல்ட். இரண்டு கட்டை விளக்கிற்கு 3 வோல்ட், மூன்று கட்டை விளக்கிற்கு 4.5 வோல்ட் தாங்கும் எல்.இ.டி. பல்பு தேவை. குறைந்த வோல்ட் பல்பை அதிகக் கட்டையில் போட்டால் கெட்டுவிடும். அதிக வோல்ட் பல்பைக் குறைந்த கட்டையில் போட்டால் மங்கலாக எரியும், அல்லது எரியாது.

மாற்றும் முறை

1. முதலில் கட்டைகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

2. ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். பல விளக்குகள் மங்குவதற்கு இத்துருவும் ஒரு காரணம்.

3. பல்பைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தொடாதீர்கள், பூச்சு மங்கிவிடும்.

4. புதிய பல்பைப் பொருத்தி, கட்டைகளின் குமிழ் பல்பை நோக்கி இருக்குமாறு போடுங்கள். பழைய பல்பு எப்படிப் போட்டாலும் எரியும். எல்.இ.டி.யோ மின்சாரத்தை ஒரு திசையில்தான் ஏற்கும். எரியாவிட்டால் கட்டைகளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

சில எல்.இ.டி. பல்புகளின் ஒளி தூரத்தில் குவியாமல் அகலமாகப் பரவும். அதைக் குறையாகக் கருத வேண்டாம். வரப்பில் நடப்பவருக்குக் காலடியைச் சுற்றி விழும் ஒளியே தேவை.

செய்யக் கூடாதவை

ஒளி கூட வேண்டும் என்று அதிக வாட் இழை பல்பைப் போடாதீர்கள். கட்டை விரைவில் தீரும். சூட்டில் பிளாஸ்டிக் கிண்ணம் உருகவும் கூடும். பழைய கட்டையுடன் புதிய கட்டையைக் கலந்து போடக் கூடாது. லித்தியம் கட்டைகளை இவ்விளக்குகளில் திணிக்க வேண்டாம். முனைகள் உரசினால் தீப்பற்றும் அபாயம் உண்டு. நாட்கணக்கில் பயன்படுத்தாதபோது கட்டைகளைக் கழற்றி வையுங்கள். கசிந்து விளக்கையே அரித்துவிடும்.

நல்ல விளக்கு இருந்தால், பகலில் ஒளிந்திருந்து இரவில் இலை தின்னும் புரொடீனியா புழுவையும் நிலக்கடலை வயலில் நேரில் காணலாம். ஆயினும் விளக்கு மட்டும் போதாது. காலணியும் கையில் ஒரு கோலும் அவசியம்.

விளைச்சலைப் பெருக்கும் வழிகள் பல உண்டு. அவற்றைச் செய்யும் உழவர் இரவு வயலிலிருந்து நலமாக வீடு திரும்புவது அனைத்திலும் முதன்மையானது. இன்றே உங்கள் விளக்கைக் கழற்றிப் பாருங்கள்.