இந்த வீட்டில் முன்பு யார் இருந்தது?

(மங்கரேயில் நடந்த எங்கட பேய்ப்பட இரவில், ‘யாவரும் நலம்’ பார்த்து முடித்த பிறகு பேசியதன் எழுத்து வடிவம்.)



படம் முடிஞ்சு லைட் போட்டவுடனே பின்னுக்கிருந்த தங்கச்சி ஒராள் கேட்டா: “இவ்வளவு நடந்தும் இவையள் ஏன் அந்த வீட்டை விட்டுப் போகேல்லை?” எல்லாப் பேய்ப்படத்துக்கும் நாங்கள் கேட்கிற கேள்விதான். கேட்டுட்டுச் சிரிப்பம். இண்டைக்குச் சிரிக்காமல் பதில் தேடிப் பார்ப்பம். பேய்வீட்டுப் படத்தின்ர பயம் அந்தப் பதிலுக்குள்ளதான் இருக்கு எண்டு நான் நினைக்கிறன்.

இந்த நாட்டுப் படம் ஒன்று, ஜெரார்ட் ஜான்ஸ்டன் 2014இல் எடுத்த ‘ஹவுஸ்பௌண்ட்’. ஏடிஎம் உடைக்கப் போய்ப் பிடிபட்ட கைலிக்கு எட்டு மாத வீட்டுக்காவல், அதுவும் தாயின்ர வீட்டில. காலில கண்காணிப்புப் பட்டி. சுவருக்குள்ள ஏதோ நடமாடுது, ஆனால் கேட்டைத் தாண்ட ஏலாது. முதலாவது பயம் இதுதான்: போக வழியில்லாமை.

மங்கரேயில எத்தனை பேருக்குக் கண்ணுக்குத் தெரியாத பட்டி காலில கிடக்கு? பூஞ்சணம் பிடித்த சுவர், இரவிரவாய் இருமுற பிள்ளை. “வேற வீடு பாருங்கோவன்” எண்டு சொல்லுறது சுகம். முற்பணத்துக்கு எங்க போறது? காரணம் சொல்லாமல் 90 நாள் நோட்டீஸ் குடுத்து எழுப்புற முறையை 2021இல் நிப்பாட்டினவை. 2025 ஜனவரி 30இல் இருந்து அது திரும்பி வந்திட்டுது. இருக்கவும் பயம், வீட்டுக்காரரிட்ட முறையிடவும் பயம்.

இரண்டாவது, பயம் எங்கயிருந்து வருது எண்டது. 2009இல் விக்ரம் குமார் எடுத்த இந்தப் படத்தில பாழடைஞ்ச பங்களா இல்லை. புத்தம் புது அடுக்குமாடி. பால் திரையுது. மாதவன் தனிய ஏறினால் லிப்ட் வேலை செய்யாது. சாமிப் படம் மாட்ட ஆணி இறங்காது. பகல் ஒரு மணிக்குப் போற டிவி சீரியலில அவையளின்ர சொந்தக் கதையே ஓடுது. கதவு கிறீச்சிட்டால் ஒரு நிமிசம்தான் திடுக்கிடுவம். பால் திரைஞ்சால், நாளைக்குக் காலமை அடுப்படியில திரும்பவும் நினைவு வரும். நாங்கள் நம்பி வாழுற சின்னச் சாமான்கள் எங்களைக் கைவிடுறதுதான் வீட்டுக்குக் கூட வாற பயம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கட்டடம் நிக்கிற இடத்தில முன்பு ஒரு வீடு இருந்தது. அங்க 1977இல் ஒரு குடும்பத்தையே கொன்றவை. செத்தவைக்கு மாதவன் குடும்பத்தோட பகையில்லை, அவைக்கு நீதிதான் வேணும். ‘சந்திரமுகி’யை (2005) இதோட வைச்சுப் பாருங்கோ. அரசன் தூக்கிக்கொண்டு வந்து எரிச்ச நடனக்காரியின்ர கோபத்தில படம் நடுங்குது. முடிவில கங்காவுக்குக் குணமாகுது, அரண்மனை வாங்கினவருக்கு நிம்மதி. எரிஞ்சவளுக்கு என்ன கிடைச்சது? அநியாயம் செய்யப்பட்டவளை விரட்டி, வீட்டை உரிமையாளரிட்டப் பத்திரமாய்க் குடுக்கிற படத்தில பயம் தியேட்டர் வாசலோட முடிஞ்சிடும்.

இந்த மண்டபத்தில இருந்து விமான நிலையப் பக்கம் கொஞ்சத் தூரம் போனால் இஹுமாத்தாவோ. அரசிக்கு விசுவாசம் சொல்ல மறுத்த மாவோரி மக்களை 1863இல் விரட்டி, முடியரசு அந்த நிலத்தைப் பறிச்சது. பிறகு அது ஒரு குடியேறிக் குடும்பத்தின்ர கைக்குப் போனது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு கட்டுமான நிறுவனம் அங்க 480 வீடு கட்டப் பார்த்தது. 2019 ஜூலையில, நிலத்தைக் காத்துக்கொண்டு நிண்டவைக்கு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தவுடன ஆயிரக்கணக்கான சனம் அங்க கூடினது. 2020 டிசம்பரில அரசாங்கம் 29.9 மில்லியன் டொலருக்கு நிலத்தை வாங்கினது. அந்த வீடுகள் கட்டப்பட்டிருந்தால், வாங்கினவையில எங்கட ஆக்களும் இருந்திருப்பினம். பால் காய்ச்சிக் குடிபூந்திருப்பம். முன்பு இங்க யார் இருந்தது எண்டு கேட்டிருப்பமா?

எங்களுக்கு இந்தக் கேள்வி புதுசில்லை. என்ர பெரியம்மா 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடினவ. கனகாலம் கழிச்சு வீட்டைப் பார்க்கப் போனா. முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நிண்டு, “அது என்ர வீடு” எண்டு கை காட்டினாவாம். காவலுக்கு நிண்ட ஆமிக்காரப் பொடியன், இவ எங்கயிருந்து வந்தவ எண்டு தெரியாமல் முழிச்சானாம். அவன் பிறக்கமுதலே அவ போயிட்டா. அந்தக் காட்சியில பேய் யார், தோழர்களே?

அங்க நாங்கள் பேய். இங்க புதுசாய்க் குடிவந்தவை. இரண்டையும் ஒரே உடம்பில சுமக்கிறம். பேய்ப்படம் என்னை உண்மையாப் பயப்படுத்துறது அதை நினைக்கேக்கதான். கூட்டம் தொடங்க முதல் இந்த மண்ணின் மக்களை வணங்குறம் எண்டு ஒரு வரி வாசிக்கிறம். அது பேயை அமைதிப்படுத்துற மந்திரமாய்ப் போகக் கூடாது. நிலத்துக்காக அவை திரும்ப நிக்கிற நாளில பக்கத்தில நிண்டால்தான் அந்த வரிக்கு அர்த்தம்.

அடுத்த பேய்ப்படம் பார்க்கேக்க, கடைசிக் காட்சியில வீடு யாரின்ர கையில இருக்கு எண்டு பாருங்கோ. இப்ப தேத்தண்ணி ஆறுது, வாங்கோ. மிச்சத்தை அங்க கதைப்பம்.