கேத்தலின் அடியில் ஒரு பாடம்



இன்றைய பேச்சை ஒரு வெள்ளைச் சட்டையிலிருந்து தொடங்குகிறேன். 1986 ஆம் ஆண்டு எனக்குக் கலியாணம் நடந்தது. நமது பகுதி வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது கடற்கரையை ஒட்டிய மணல் வளவில். போய்ச் சேர்ந்தது கல்முனைக்கு மேற்கே, கரைவாகு வயற் பக்கம். சைக்கிளில் பத்து நிமிடத் தூரம்தான். ஆனால் இரண்டு கிணற்றுத் தண்ணீரும் இரண்டு நாட்டுத் தண்ணீர் போலிருந்தன.

மூன்று மாதம் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு உடுத்துப் போகும் வெள்ளைச் சட்டைகளெல்லாம் சாம்பல் பூத்துவிட்டன. "என்ன உடுப்புக் கழுவுற நீ?" என்று ஒரு நாள் சத்தமாகவே கேட்டுவிட்டேன். மாமியின் காதிலும் விழுந்திருக்கும். மனைவி பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமையிலிருந்து ஒரு கட்டிச் சவர்க்காரம் செலவான இடத்தில் இரண்டு கட்டி செலவானது. அவருடைய விரலிடுக்குகள் வெடித்தன. சட்டை மட்டும் வெளுக்கவில்லை.

இதில் நான் வெட்கப்பட வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்நாட்களில் நான் படிப்பித்தது விஞ்ஞானம். நீரின் வன்மை என்ற பாடத்தைக் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியைக் குறை சொன்ன ஆசிரியன் நான்.

மழைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு, மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லையும் சிப்பித் துகளையும் கரைத்து, கல்சியத்தையும் மகனீசியத்தையும் தன்னோடு அழைத்து வருகிறது. இதுதான் வன்னீர். சவர்க்காரம் போட்டதும் அந்தக் கல்சியம் முதலில் சவர்க்காரத்தைப் பிடித்துக்கொள்ளும். நுரை வராது. பதிலாகத் தண்ணீரில் கரையாத ஒரு பசை வரும். அது நூலிழைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சவர்க்காரத்தைக் கூட்டினால் பசையும் கூடும். என் மனைவி தேய்க்கத் தேய்க்கச் சட்டை மங்கியதன் இரகசியம் இவ்வளவுதான்.

பாடம் எனக்கு விளங்கியது ஒரு கேத்தலால். ஒரு நாள் பின்னேரம் அவர் கேத்தலின் அடியிலிருந்து வெள்ளைச் செதில் ஒன்றைச் சுரண்டியெடுத்து, "இதென்ன, சுண்ணாம்பு மாதிரி?" என்று என் கையில் வைத்தார். தேசிக்காய்ப் பாதி ஒன்றை எடுத்து அதன்மேல் பிழிந்தேன். பொரிந்து நுரைத்தது. சுண்ணாம்பு மாதிரி அல்ல, சுண்ணாம்புக் கல்லேதான். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர், "அப்ப என்ட கை என்ன பிழை செஞ்சது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

கொதிக்க வைத்தால் இப்படிக் கல்லாகப் படிந்து நீங்குவது தற்காலிக வன்மை. கொதித்த நீரை ஆறவிட்டுத் தெளித்தெடுத்தால் அது பெரும்பாலும் போய்விடும். சல்பேற்றாகவும் குளோரைட்டாகவும் கரைந்திருப்பது எத்தனை விறகு எரித்தாலும் போகாது. அது நிரந்தர வன்மை. நம் கரையோரத்துக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. கடல் நீரில் மகனீசியம் மிக அதிகம். அதன் வன்மை லீற்றருக்கு 6,000 மில்லிகிராமையும் தாண்டும். குடிநீருக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2013 இல் விதித்த எல்லையோ 250 மில்லிகிராம். நமது மணற்பாங்கில் நல்ல தண்ணீர் உவர் நீரின் மேலே மெல்லிய போர்வையாகத்தான் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உவர் மேலேறும். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்து கிணறுகளை நிரப்பிப் போனபோது, அவற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தே சுத்தமாக்கிவிடலாம் என்று நினைத்தோம். கடைசியில் அவற்றைத் தேற்றியது மாரி மழைதான்.

வன்னீரின் குறும்பு சலவையோடு முடிவதில்லை. தேத்தண்ணியின் மேல் மெல்லிய ஏடு கட்டும். கடலை எளிதில் அவியாது. கல்சியம் அதன் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்வதே காரணம். குழாய் வாயில் வெள்ளை படியும். தலைமுடி கயிறு போலாகும். மருதமுனையில் வீட்டுக்கு வீடு தறியடித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். நூலுக்குச் சாயம் போடுகிறவருக்குத் தண்ணீர் வாய்க்க வேண்டும். வன்னீரில் சில சாயங்கள் திரிந்து, நூலில் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பிறகு சாறனை விரித்துப் பார்க்கிறவர் குறை சொல்வது நெசவாளியின் கையைத்தான்.

நோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. வன்னீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் விழும் என்பது ஊர்ப் பேச்சு. அது உறுதியாக நிறுவப்பட்ட ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனம் வன்மைக்கென்று உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் விதிக்கவில்லை. வட மத்திய மாகாணத்திலும், நமது மாவட்டத்தின் தெஹியத்தகண்டியிலும் விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோயோடு வன்னீரையும் புளோரைட்டையும் தொடர்புபடுத்தி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. காரணம் இதுதான் என்று இன்னும் முடிவாகவில்லை. ஆகவே பயத்தைக் கிளப்ப நான் வரவில்லை. சவர்க்காரத்தையும் விறகையும் பெண்களின் விரல்களையும் அது தின்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

என் உம்மாவின் காலத்துப் பெண்கள் விஞ்ஞானம் படித்தவர்களல்ல. ஆனால் தண்ணீருக்கு அவர்களிடம் எத்தனை பெயர்கள்! நல்ல தண்ணி, சவர்த் தண்ணி, உப்புத் தண்ணி, கடுத்த தண்ணி, மாரியில் பீலியால் வடியும் பீலித் தண்ணி. குடிக்க ஒரு கிணறு, உடுப்புக் கழுவ ஒரு கிணறு, தலை முழுகப் பீலித் தண்ணி. "அந்தக் கிணத்துல அள்ளாத மனே, பருப்பு அவியாது" என்று உம்மா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது ஒரே சொல், பைப் தண்ணி. அந்தச் சொல்லுக்குள் என்ன தண்ணீர் வருகிறதென்று யாருக்கும் தெரியாது.

கொண்டவட்டுவான் குளத்தில் சுத்திகரித்த நீர் இப்போது நம் கரையோர ஊர்களுக்கு வருகிறது. குளத்து நீர் மழையின் பிள்ளை. பொதுவாகக் கிணற்று நீரைவிட மென்மையானது. ஆனால் அது வராத நேரங்களில் மோட்டரைப் போட்டுக் கிணற்றுத் தண்ணீரை அதே கூரைத் தாங்கிக்கு ஏற்றுகிறோம். இரண்டும் ஒரே குழாயால்தான் இறங்குகின்றன. காலையில் நுரைத்த பைப் மாலையில் நுரைக்காது.

1841 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் தோமஸ் கிளார்க் என்ற இரசாயனப் பேராசிரியர், சுண்ணாம்பு சேர்த்தே நீரின் வன்மையைப் போக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். முள்ளை முள்ளால் எடுக்கும் வித்தை. நீரின் வன்மையை அளக்க அவர் கையாண்ட வழி இன்னும் எளிது. நுரை நிலைத்து நிற்கும் வரை சவர்க்காரக் கரைசலை விட்டுக்கொண்டு போய், எவ்வளவு செலவானது என்று பார்ப்பார். இரண்டு போத்தல்களில் மழை நீரையும் பைப் நீரையும் சம அளவாக எடுத்து, ஒரே அளவு சவர்க்காரத் துருவல் போட்டுக் குலுக்கினால் உங்கள் வீட்டுத் தண்ணீரின் குணமும் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் போத்தல் தேவைப்படுவதில்லை. வெள்ளை உடுப்பு ஊறப்போடும் நாளில் என் மனைவி முதலில் பைப்பைத் திறந்து, உள்ளங்கையில் சவர்க்காரத்தைத் தேய்த்துப் பார்ப்பார். நுரைத்தால் வாளியை வைப்பார். நுரைக்காவிட்டால் கூடையை அப்படியே ஓரமாகத் தள்ளிவிட்டு, என்னைப் பார்த்து, "இண்டைக்குக் கிணத்துத் தண்ணிதான் வருது. உங்கட சட்டை நாளைக்கு" என்பார்.