மரக் கட்டடத்தின் வலிமை மூட்டிலே
(பிச்சாட்டூரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆரணியாற்று நீர்த்தேக்கத்தை அடுத்துள்ள பிச்சாட்டூர், 2022-ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. இவ்வட்டாரத்திலும் எல்லைக்கு அப்பாலுள்ள திருவள்ளூர் மாவட்டத்திலும் விளையும் சவுக்கும் தைலமரமும் பெரும்பாலும் சாரக் கம்பாகவோ, விறகாகவோ, காகிதக் கூழாகவோ முடிகின்றன. எடைக்கு விற்கப்படும் மரத்துக்கு எடையின் விலையே கிடைக்கும். அதே மரம் கட்டடத்தைத் தாங்கும் சட்டமாக விற்கப்படுமானால் உழவருக்கும் தச்சருக்கும் கிடைக்கும் பங்கு உயரும். அதற்கு நிறைவேற வேண்டிய நிபந்தனைகள் யாவை என்பதே இங்கு ஆராயத்தக்கது.

உலகப் போக்கு

சிறு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பெரிய உத்தரமாக்கும் முறை பழையது. பலகை அடுக்குகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டிச் சுவராகவும் தளமாகவும் பயன்படுத்தும் முறை 1990-களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வளர்ச்சியுற்றது. நார்வே நாட்டில் 2019-இல் 18 மாடிகளுடன் 85.4 மீட்டர் உயரமான மரக் கட்டடம் எழுந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2022-இல் 25 மாடிக் கட்டடம் ஒன்று, காங்கிரீட்டு அடித்தளங்களின் மீது மரத்தால் எழுப்பப்பட்டது. நார்வேக் கட்டடத்திலும் காற்றில் ஆடுவதைக் குறைக்கும் பொருட்டு மேல் தளங்களில் காங்கிரீட்டுப் பலகங்களே இடப்பட்டன. ஆகவே மரம் ஏனைய பொருள்களை அறவே விலக்குவதன்று. உரிய இடத்தில் அவற்றோடு சேர்ந்து நிற்பது.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியாகும். கன மீட்டருக்கு 600 கிலோகிராம் எடையுள்ள மரம், காற்றிலிருந்து பெற்ற சுமார் 1.1 டன் கரியமில வாயுவைத் தன்னுள் அடக்கி வைத்துள்ளது. அம்மரம் விறகானால் அவ்வாயு உடனே காற்றில் கலந்துவிடும். உத்தரமானால் பல பத்தாண்டுகள் அடங்கியிருக்கும்.

மூட்டின் இன்றியமையாமை

மரக் கட்டடம் பழுதுறும்போது பெரும்பாலும் முதலில் தளர்வது உத்தரமன்று, மூட்டுதான். நார்களின் நீளப் போக்கில் மரம் மிக்க வலிமையுடையது. குறுக்குப் போக்கில் எளிதில் பிளக்கும். போல்ட்டுத் துளையை நுனிக்கு மிக அருகில் இட்டால் மரம் பிளந்துவிடும். ஈர மரத்தை இணைத்தால், அது உலர்ந்து சுருங்கும்போது இறுகிய போல்ட்டும் தளரும். நம் தச்சர்கள் இவற்றை நூல் படிக்காமலே அறிந்தவர்கள். கோயில் தேரின் சட்டங்கள் நாக்கும் துளையுமாகக் கோக்கப்பட்டு ஆப்பு அறையப்படுவதால், வடம் பிடிக்கையில் ஏற்படும் குலுக்கலை மூட்டுகள் வாங்கிக் கொள்கின்றன.

இக்காலப் பெருங்கட்டடங்களில் மரத்தின் நடுவே பிளவு அறுத்து, எஃகுத் தகட்டைச் செருகி, எஃகு முளைகளால் பிணைக்கின்றனர். தீ விபத்தின்போதும் இம்முறை பயன் தரும். பருத்த மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் வீதமே கரிந்து உள்ளே செல்கிறது. கரிந்த மேற்பகுதி உட்பகுதிக்குக் காப்பாகிறது. வெளியே தெரியும் எஃகோ விரைவில் சூடேறி வலிமை இழக்கும். எனவேதான் எஃகை மரத்துக்குள் மறைத்து வைக்கின்றனர்.

நம் நாட்டு அனுபவம்

இத்துறை நமக்குப் புதிதன்று. 1906-இல் தொடங்கப்பெற்ற டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம், சிறு மரத்துண்டுகளை ஆணியால் பிணைத்துக் கூரைச் சட்டகம் அமைக்கும் முறையை ஆராய்ந்து உருவாக்கியது. நம் மரங்களிற் பல கடினமானவை. ஆதலால் ஆணியின் விட்டத்தைவிடச் சற்றே சிறிய துளையிட்டு, பின்னரே ஆணி அறைதல் வேண்டும். இம்முறைக்கு இந்தியத் தர நிர்ணயமும் உண்டு. நீண்ட, பருத்த தேக்கு கிட்டாத ஊர்களில் பள்ளிக்கூடக் கூரைக்கும் தானியக் கிடங்குக்கும் இது ஏற்றது.

கறையானிடமிருந்து மரத்தைக் காக்கும் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலவையை 1933-இல் அதே நிலையத்தில் கண்டுபிடித்தவர் சொன்டி காமேசம் என்ற இந்தியரே. உலகெங்கும் பரவிய அம்முறை, ஆர்செனிக்கின் நச்சுத்தன்மை கருதி, பல நாடுகளில் வீட்டு உபயோகத்துக்குக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வீட்டினுள் நனையாத இடங்களுக்குப் போரான் உப்புகள் தகுந்த மாற்றாகும்.

காடுகளைக் காக்கும் நோக்கத்துடன் மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அத்தடை 2020-இல் நீக்கப்பட்டது. காட்டு மரத்தை வெட்டாமல், பண்ணை மரத்தைப் பயன்படுத்துவதே இனி வழி. 1988-ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கையும் மரத் தொழில்களுக்கான மூலப்பொருளை உழவரிடமிருந்து பெற வேண்டுமென்றே வற்புறுத்துகிறது.

செய்ய வேண்டியவை

இடர்ப்பாடுகளை மறைத்தலாகாது. தைலமரம் உலரும்போது முறுக்கிப் பிளக்கும் இயல்புடையது. கூழுக்கு நான்கைந்து ஆண்டுகளில் வெட்டப்படும் மரத்தை அறுவைக்காக இன்னும் பல ஆண்டுகள் நிறுத்தி வைக்க வேண்டும். அடுத்த பருவத்துக்கு விதை வாங்கப் பணம் தேவைப்படும் சிறு உழவரிடம் “காத்திருங்கள்” என்று அறிவுரை கூறுவது மட்டும் போதாது. காத்திருக்கும் காலத்துக்குக் கடனும், வயலின் ஒரு பகுதியிலோ வரப்பிலோ மட்டும் நீண்ட கால மரம் வளர்க்கும் திட்டமும் தேவை. சவுக்கை அறுக்காமல் உருண்டைக் கம்பாகவே பதப்படுத்தி, போல்ட்டால் இணைத்துக் கொட்டகைகள் அமைக்கலாம். இதற்கு நெடுநாள் காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவதாக, மரத்தை உலர்த்தவும், பதப்படுத்தவும், தரம் பிரிக்கவும் பொது வசதி வேண்டும். தனித்த உழவருக்கு எட்டாத இம்முதலீடு கூட்டுறவுக்கு எட்டும். தரமுத்திரை இல்லாத மரத்தைப் பொறியாளர் ஏற்கமாட்டார். பொறியாளர் ஏற்காத மரத்துக்கு விறகு விலைதான்.

மூன்றாவதாக, தச்சருக்குப் பயிற்சி. துளையின் இடைவெளி, ஆணியின் எண்ணிக்கை, மரத்தின் ஈரப்பதம் ஆகிய மூன்றையும் அளந்து வேலை செய்யும் தச்சர் பரம்பரைக் கைத்திறனை இழப்பதில்லை. அதற்கு ஒரு சான்றிதழைச் சேர்த்துக் கொள்கிறார்.

முதற்படியாக ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையோ, ஒரு சந்தைக் கூரையோ இவ்வூர் மரத்தால், இவ்வூர்த் தச்சரால், வரைபடத்தின்படி கட்டப்படட்டும். சில மழைக்காலங்கள் கடந்த பின்னர் அதன் மூட்டுகளைத் திறந்து சோதிக்கட்டும். உறுதியாக இருப்பின் பெருக்கலாம். குறையிருப்பின் சிறு செலவிலேயே திருத்திக் கொள்ளலாம்.