மருந்துக்கு முன்னே அரிசி
(ஆமத்தூரில் நன்கொடையாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வெளியே போகாதீர்கள், வீட்டிலேயே இருங்கள்" என்று நோயாளியிடம் சொல்வது எளிது. உலையில் போட அரிசி இருந்தால்தான் அவர் அதற்குக் கீழ்ப்படிய முடியும்.

2020 மார்ச் 25ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியதும், இங்கே பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆபீசுகளும் மூடப்பட்டன. கூலியும் நின்றது. அந்த ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்குத் தமிழக அரசு 1000 ரூபாயும், அரிசி, துவரம்பருப்பு, சர்க்கரை, சமையல் எண்ணெய் ஆகியவற்றை விலையின்றியும் வழங்கியது. கூட்டம் சேராதபடி நாளும் நேரமும் குறித்த டோக்கன் கொடுத்தார்கள். 2021இல் இரண்டு தவணையாக 4000 ரூபாயும் 14 வகை மளிகைப் பொருட்களும் வந்தன.

இவ்வளவு விரைவாக எப்படி முடிந்தது? 1997இல் மத்திய அரசு ரேஷனில் ஏழைகளை மற்றவர்களிடமிருந்து பிரித்தபோது, தமிழ்நாடு அதை எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. ஆகவே கொரோனா வந்தபின் யார் ஏழை என்று வீடுவீடாக விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கடையும் அட்டையும் முன்பே இருந்தன.

அட்டை இல்லாதவர்களே தவித்தார்கள். பிற மாநிலத் தொழிலாளர்களின் அட்டை இங்கே செல்லவில்லை. "ஒரே நாடு ஒரே ரேஷன்" திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில்தான் வந்தது. முகாம்களிலும் அம்மா உணவகங்களிலும் கிடைத்த சாப்பாடே பலருக்கு ஆதரவு.

நண்பர்களே, அரிசி பசியைத் தணிக்கும்; நோயைத் தாங்க அது மட்டும் போதாது. 2019இல் ஜார்க்கண்டில் தொடங்கிய ஓர் ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், சத்து மாத்திரைகளோடு கொடுத்தார்கள். அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. காசநோயாளிகளுக்கு அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் ஊட்டச்சத்துக்கென வழங்குகிறது. வங்கிக் கணக்கு சரியாக இல்லாதவருக்கு அதுவும் தாமதமாகும்.

அரசு செய்வதை நாம் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. அது எட்டாத இடத்தில் நம் கை எட்டட்டும். எத்தனை நாளாய்க் காய்ச்சல் என்று கேட்கும்போதே, ரேஷன் அட்டையில் பேர் இருக்கிறதா, வீட்டில் பருப்பு இருக்கிறதா என்றும் கேட்போம். அட்டையில்லாதவருக்கு மனு எழுதிக் கொடுப்போம். அது கைக்கு வரும்வரை பருப்பும் முட்டையும் கொடுப்போம். தாங்கள் அனுப்பும் சிறு தொகையும் இதற்கு உதவும். அடுத்த நோய் வருமுன்னே இதைச் செய்துவிட வேண்டும்.