சிரிக்காத முகம்

பிறரைச் சிரிக்க வைத்துத் தாம் சிரியாதிருந்த ஒருவரைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். அமெரிக்க நடிகர் பஸ்டர் கீட்டன் 1895-ஆம் ஆண்டில் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் ஊர் ஊராகச் சென்று மேடையில் வேடிக்கை காட்டுவோர். தந்தை பிள்ளையைத் தூக்கி எறிவார். விழுந்த பிள்ளை முகம் சுளிக்காமல் எழும். அவை கொல்லென்று சிரிக்கும். தான் சிரித்தால் அவையோரின் சிரிப்புக் குறைகிறது என்பதை அப்பருவத்திலேயே அவர் கண்டுகொண்டார். பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை என்றே சொல்லலாம். ஆசிரியனாகிய எனக்கு இதைச் சொல்லச் சற்றுக் கூச்சந்தான்.

1917-இல் திரைக்கு வந்தார்; 1920 முதல் தம் குழுவினருடன் தாமே படம் எடுத்தார். எழுதி முடித்த கதையேடு எதுவும் கையில் இராது. தொடக்கமும் முடிவும் அகப்பட்டால் நடுப்பகுதி தானே வந்து சேரும் என்பது அவர் கொள்கை. 1926-இல் உருவான ‘ஜெனரல்’ என்னும் படத்தில், எரியும் பாலத்தின் மீது ரயில் எஞ்சின் ஒன்று ஏறி, பாலத்தோடு ஆற்றில் வீழ்கிறது. பொம்மை எஞ்சின் அன்று, மெய்யான எஞ்சின். பிசகினால் மறுமுறை எடுக்க வழியில்லை. அத்தனை செய்தும் படம் எதிர்பார்த்த பொருளை ஈட்டவில்லை.

1928-இல் எம்.ஜி.எம். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். சாப்ளின் வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. அங்கே எல்லாம் முன்கூட்டியே தாளில் எழுதப்பட வேண்டும். வசூல் குறையவில்லை, குறைந்தவர் அவர்தாம். குடிப்பழக்கம் பற்றிக்கொண்டது. 1933-இல் வேலையும் போயிற்று. அந்த ஒப்பந்தமே தம் வாழ்வின் பெரும்பிழை என்று பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார்.

இதைப் படித்தபோது எனக்கு வேறொருவர் நினைவு வந்தது. நான் தலைமையாசிரியராக இருந்தபோது என்னிடம் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் பாடக்குறிப்பே எழுத மாட்டார். ஆனால் அவர் வகுப்பில் பிள்ளைகள் மணியடித்தாலும் எழ மாட்டார்கள். விதி விதிதானே என்று கடிந்து, அவரை எழுத வைத்தேன். குறிப்பேடு அழகாக நிறைந்தது. வகுப்பில் பழைய கலகலப்பு இல்லை. ஆய்வாளர் என்னைப் பாராட்டிச் சென்றார்.

கீட்டனுக்கு மறுவாழ்வு மெல்லத்தான் வந்தது. 1952-இல் ‘லைம்லைட்’ படத்தில் சாப்ளினோடு ஒரே மேடையில் தோன்றினார். 1960-இல் கௌரவ ஆஸ்கர் விருது கிடைத்தது. 1965-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அவையோர் எழுந்து நின்று நெடுநேரம் கரவொலி எழுப்பினர். மறு ஆண்டு பிப்ரவரி முதல் நாள் காலமானார். ‘ஜெனரல்’ படத்தை 1989-இல் அமெரிக்க அரசின் திரைப்படப் பதிவேட்டில், முதல் பட்டியலிலேயே சேர்த்தனர்.