பழைய நூல்களில் நம் கரையோரத் தீவுகள்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வைத்தியர் ஒருவரை மேடையேற்றினால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கிளினிக்கில் நான் அதைத்தான் தினமும் பேசுகிறேன். இன்று நம் கடலைப் பற்றிப் பேச அனுமதி தாருங்கள். கடைசியில் எப்படியும் வைத்தியத்துக்கு வந்துவிடுவேன்.

கற்பிட்டிக் கரையோரமாக, களப்பின் வாயை ஒட்டி, 14 சிறு தீவுகள் இருப்பதாக நாம் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். பத்தலங்குண்டு, உச்சமுனை, இப்பந்தீவு, பெரிய அரிச்சாலை, சின்ன அரிச்சாலை என்று அவற்றின் பெயர்களைச் சொல்லும்போதே உப்புக் காற்று வீசும். இந்தக் கரையைப் பற்றி இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே மத்தியதரைக் கடல் நாட்டார் எழுதிவைத்திருக்கிறார்கள்.

உரோமரான பிளினி கி.பி. 77 அளவில் எழுதிய நூலில் இலங்கைக்குத் 'தப்ரபேன்' என்று பெயர். வரி அறவிடும் அதிகாரி ஒருவரின் ஆள் அரேபியக் கரையோரம் போகையில் காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையில் 'ஹிப்புரோஸ்' என்ற துறையை அடைந்தாராம். கிரேக்க மொழியில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை. அதனால் அந்தத் துறை வில்பத்துக் கரையிலுள்ள குதிரைமலையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அந்த மனிதரிடமிருந்த உரோம நாணயங்களில் வெவ்வேறு அரசர்களின் தலைகள் இருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு நம் அரசர் வியந்தார் என்றும், பின்னர் கிளோடியஸ் பேரரசரிடம் நான்கு தூதுவரை அனுப்பினார் என்றும் பிளினி எழுதுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது அதே நூலில் வரும் வேறொரு செய்தி. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடல் பெரும்பாலும் ஆழமற்றது. ஆனால் சில கால்வாய்களில் நங்கூரம் தரையைத் தொடாது. அந்த ஒடுங்கிய வழிகளில் திரும்ப வேண்டிய தேவை வராதபடி, கப்பல்களுக்கு இரு பக்கமும் அணியம் வைத்துக் கட்டினார்கள். கடலோடிகள் பறவைகளைக் கொண்டுபோய் இடையிடையே பறக்கவிட்டு, அவை போகும் திசையில் கரையைத் தேடினார்கள். இதைப் பிளினி தானாகக் கற்பனை செய்திருக்க முடியாது. இந்தக் கடலில் தொழில் செய்த யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொன்னதுதான் பல கைகள் மாறி உரோமுக்குப் போயிருக்கிறது. அந்த ஒருவரின் பெயர் நூலில் இல்லை.

கி.பி. 150 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, தப்ரபேனுக்கு முன்னால் 1378 தீவுகள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்று எழுதி, அவற்றில் 19 தீவுகளின் பெயர்களையும் தந்தார். மாலைதீவுகளும் அந்தக் கணக்கில் அடங்கும் என்பதே பலரின் கருத்து. அவரோ இலங்கையையே உண்மையான அளவைவிடப் பல மடங்கு பெரிதாக வரைந்தவர்! ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்ற வணிகர், இலங்கையைச் சூழ நெருக்கமாகப் பல சிறு தீவுகள் உள்ளன என்றும், அவற்றில் நன்னீரும் தென்னையும் உண்டு என்றும் எழுதினார். 1344இல் இபன் பதூதா புத்தளத்துக்கே வந்து இறங்கினார். மரத்தால் ஆன மதிலும் காவல் கோபுரங்களும் கொண்ட அழகிய சிறிய நகரம் என்று நம் ஊரை வர்ணித்தார். ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துக்களைக் காட்டினார்.

இனி, இதே மத்தியதரைக் கடல் எழுத்தாளர்கள் தங்கள் வீட்டு வாசலிலுள்ள தீவுகளை எப்படி எழுதினார்கள் என்று பார்ப்போம். சிசிலிக்கு வடக்கே லிபாரித் தீவுகள் உள்ளன. சிசிலியில் பிறந்த தியோதோரஸ் அவற்றைப் பற்றி எழுதும்போது, அங்கே குடியேறியவர்களில் ஒரு பகுதியினர் நிலத்தைப் பொதுவில் பயிரிட்டதையும், மற்றவர்கள் கடற்கொள்ளையரை எதிர்த்துக் காவல் நின்றதையும், எல்லோரும் ஒன்றாக உண்டதையும் சொல்கிறார். எரிமலைப் புகையைப் பார்த்து அடுத்த மூன்று நாட்களின் காற்றைத் தீவு மக்கள் முன்கூட்டியே சொல்வார்கள் என்று பிளினி குறிப்பிடுகிறார். அந்தத் தீவுகளில் மனிதர்கள் வாழ்கிறார்கள், உழைக்கிறார்கள், ஒன்றாய்ச் சாப்பிடுகிறார்கள். நம் சிறு தீவுகளுக்குக் கிடைத்ததோ ஓர் எண்ணிக்கை, சில பெயர்கள், தண்ணீர், தென்னை. அருகிலிருந்து கேட்டால் வாழ்க்கை தெரிகிறது. தூரத்திலிருந்து கேட்டால் பொருள்கள் மட்டுமே தெரிகின்றன.

வைத்தியக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பிப்பது, நோயாளியின் வாயால் வரலாறு கேட்பது. கூட வந்தவர் சொல்வதையும் எழுதுவோம். ஆனால் அதைச் சொன்னவர் யார் என்பதையும் பக்கத்தில் குறிப்போம். நம் தீவுகளின் வரலாறு இன்றுவரை பெரும்பாலும் கூட வந்தவர்கள் சொன்ன வரலாறுதான்.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்பிட்டித் தீவுகளை உள்ளடக்கிய பெரிய உல்லாசப் பயணத் திட்டம் ஒன்று வந்தது. அத்தகைய விளம்பரப் படங்களில் வெள்ளை மணலும் நீலக் கடலும் இருக்கும், வாடிகள் இருக்காது. அங்கு நிலையாக வாழும் குடும்பங்களும், சிலாபம், நீர்கொழும்புப் பக்கமிருந்து பருவத்துக்கு வந்து வாடி போடும் குடும்பங்களும் கண்ணில் படமாட்டார்கள். ஆளில்லாத தீவு என்று எழுதப்பட்டுவிட்டால், அங்கே பாடசாலை எதற்கு, தாதி எதற்கு, இறங்குதுறை எதற்கு என்று கேட்பது எவருக்கும் இலகு.

கொஸ்மஸ் சொன்ன அந்த நன்னீரையே எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிடப் பாரம் குறைந்தது. அதனால் அது கீழேயுள்ள கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. அளவாக அள்ளினால் நன்னீர் கிடைக்கும். மோட்டர் வைத்து அதிகமாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே வந்துவிடும். கற்பிட்டிக் குடாநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டங்களுக்கு இடும் பசளை மணலூடாக இலகுவில் இறங்குவதால், கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கலாம். அப்போது உதடும் நகமும் நீலம் பாயும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பயம் இல்லை. இன்று வேறெதை மறந்தாலும் இதை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

எந்தக் கிணறு எப்போது உவர்த்தது என்பதைத் தொலமியிடம் கேட்க முடியாது. அது உங்கள் உம்மும்மாவுக்குத் தெரியும், அம்மம்மாவுக்குத் தெரியும். சோழகம் எழும் நாட்களில் எந்தப் பக்கம் படகை ஏற்றுவது, பிள்ளைப்பேற்று வலி வந்தவளை எப்படிக் கரைசேர்ப்பது என்பதெல்லாம் அவர்கள் மனதில் இருக்கின்றன. அவர்களோடு அது போய்விடக் கூடாது.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஒவ்வொரு வருடமும் மாணவிகள் தங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் கேட்டு எழுதும் கொப்பி ஒன்று நூலகத்தில் இருக்கட்டும். சொன்னவரின் பெயரை அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். இரண்டாவது, சிறு குழந்தைகள் உள்ள வீடுகளின் கிணற்று நீரைப் பரிசோதிக்க ஒழுங்கு செய்வோம்; அதில் நானும் கூட நிற்கிறேன். மூன்றாவது, சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் தீவுகளிலிருந்து வரும் பிள்ளைகள் தங்கிப் படிக்க, கரையில் ஒரு பாதுகாப்பான வீடு வேண்டும். காற்று எழும்பிப் படகு ஓடாத ஒரு நாளால் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது.

நூறு வருடங்களுக்கு முன் இந்த ஊரில் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள், நம் கையில் பேனாவைத் தந்துவிட்டுப் போனார்கள். இரண்டாயிரம் வருடங்களாகப் பிறர் எழுதிய இந்தக் கரையை இனி நாமும் எழுதுவோம்.