கூட்ட அறைக்குள் ஒரு பேராசிரியர்



பணியிடப் பண்பாடு பற்றி நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகளில் எட்கர் ஷைன் பெயர் இல்லாதது அரிது. அவர் சொன்ன மூன்று அடுக்குகளை எல்லோரும் ஒப்பிக்கிறோம்: கண்ணில் படுவது, வாயால் சொல்லிக்கொள்வது, யாரும் சொல்லாமலே நம்பிக்கொண்டிருப்பது. இந்த மூன்றாவதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். கருத்தரங்கைத் தொடங்கும் முன் அதைக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஷைன் 1928இல் சூரிச்சில் பிறந்தார். ஒடெசா, பிராக் என்று அலைந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த குடும்பம். ஹார்வர்டில் சமூக உளவியல் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 1953இல் கொரியப் போர் ஓய்ந்து, சீனர்கள் பிடித்துவைத்திருந்த அமெரிக்கக் கைதிகள் திரும்பியபோது அவர்களைப் பேட்டி கண்டார். ‘மூளைச்சலவை’ என்று ஊரே அலறிய காலம். ஷைன் அங்கே மாயம் எதையும் காணவில்லை. அதிகாரிகளைப் பிரித்து வைத்தார்கள், வீட்டுக் கடிதங்களைத் தடுத்தார்கள், ஒருவரை ஒருவர் நம்பவிடாமல் செய்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அது போதுமானதாக இருந்தது.

1956இல் நிர்வாகவியல் அறிஞர் டக்ளஸ் மெக்ரெகர் அழைக்க, எம்.ஐ.டி. நிர்வாகவியல் பள்ளிக்கு வந்தார். கம்பெனிகளும் ஊழியர்களை இப்படித்தான் தம் வழிக்குக் கொண்டுவருகின்றனவோ என்ற சந்தேகம் அவருக்கு. படித்து முடித்துப் போன 44 மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். சந்தேகம் பலிக்கவில்லை. கம்பெனி மாறினாலும் அவரவர் விட்டுக்கொடுக்காத ஏதோ ஒன்று தங்கியிருந்தது. ‘தொழில் நங்கூரம்’ என்ற கருத்து அதிலிருந்துதான் வந்தது.

நமக்கு முக்கியமான கட்டம் 1966இல் தொடங்குகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேனார்டில், பழைய கம்பளி ஆலை ஒன்றில் இயங்கிவந்த டிஜிட்டல் எக்யூப்மென்ட் கணினி நிறுவனத்துக்கு ஆலோசகராகப் போகிறார். நிறுவனர் கென் ஓல்சன் கூட்டிய கூட்டங்களில் ஒரே கூச்சல். ஒருவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இன்னொருவர் குறுக்கே பாய்வார். பேராசிரியர் பொறுமையாகச் சுட்டிக்காட்டுவார். “உண்மைதான்” என்று நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் கத்துவார்கள். ஒரு கட்டத்தில் திருத்தும் ஆசையை விட்டுவிட்டு, குறுக்கீட்டில் அறுந்துபோகும் யோசனைகளைப் பலகைத் தாளில் எழுதத் தொடங்கினார். கூட்டம் உருப்பட்டது. சண்டையில் தாக்குப்பிடித்த யோசனைதான் நம்பத்தக்கது என்பது அந்தப் பொறியாளர்களின் நம்பிக்கை என்பதும் அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது.

பாசெல் நகரின் சிபா-கெய்கி ரசாயன நிறுவனத்தில் நிலைமை நேர்மாறு. புதுமை பற்றித் திரட்டிய குறிப்புகளை மேலாளர்களுக்கு அனுப்பச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தார். அவை போய்ச் சேரவில்லை. கேட்காமல் ஒரு மேலாளருக்கு யோசனை அனுப்பினால், அவருக்கு வேலை தெரியாது என்று சொல்வதாக அங்கே அர்த்தமாம்! நிறுவனப் பண்பாடு பற்றி 1985இல் வந்த அவருடைய பெரும் நூலுக்கு இந்த இரண்டு அனுபவங்களும் முதுகெலும்பு.

இவற்றில் எதையாவது, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடச் சொல்லும் வினாத்தாள் காட்டியிருக்குமா? பண்பாட்டை வினாத்தாளால் அளந்துவிடலாம் என்பதை ஷைன் கடைசிவரை ஏற்கவில்லை. நம் ஆய்வேடுகளோ அவரை இரண்டாம் இயலில் மேற்கோள் காட்டிவிட்டு, மூன்றாம் இயலில் வினாத்தாளை எடுத்துக்கொள்கின்றன. முனைவர் பட்டத்துக்குக் காலக்கெடு இருக்கிறது, ஆலைக்குள் ஆய்வாளரை விடமாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அப்படியானால் அவர் பெயரையாவது விட்டுவிடலாமே.

அவரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. அவரைப் பெரும்பாலும் உள்ளே அழைத்தவர்கள் மேலிடத்தார். ஓல்சனின் மேசை தெரிந்த அளவுக்கு, கருவிகளைப் பொருத்திய தொழிலாளியின் மேசை அந்த 1985 நூலில் தெரியவில்லை. 1998இல் காம்பேக் கணினி நிறுவனம் டிஜிட்டல் எக்யூப்மென்டை வாங்கியது. 2003இல் ஷைன் அதன் கதையைத் தனி நூலாக எழுதினார். நிறுவனம் போனாலும் பண்பாடு அங்கிருந்து வெளியேறியவர்களிடம் வாழ்கிறது என்பது அவர் வாதம். வேலை இழந்து போனவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!

முதல் அமர்வின் கட்டுரைகள் ஆலைத் தளத்திலிருந்து வந்தவை. கட்டுரையாளர்கள் முடிவுகளுக்குப் போகும் முன், உள்ளே எப்படிப் போனார்கள், யார் தடுத்தார்கள் என்பதைச் சொல்லித் தொடங்குமாறு கேட்டுக்கொண்டு, அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.